சைவப் பாலர் பள்ளியும் நாற்றங்கால் நெறியும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி முதலிய கொங்குநாட்டு ஊர்களில் மூன்றாண்டு நிரம்பிய மகாரைச் சேர்த்துக்கொள்ளும் பாலர் பள்ளிகள் தெருத்தோறும் பெருகியுள்ளன. அவற்றுட் பல சிவபெருமான் திருப்பெயரையோ முருகப்பெருமான் திருப்பெயரையோ அம்மை திருப்பெயரையோ தாங்கி நிற்கின்றன. வாயிலில் விநாயகர் திருவுருவம் உண்டு. காலையிற் பிள்ளைகளின் நெற்றியில் திருநீறு இடப்படுகின்றது. தேவாரத் திருப்பாட்டு ஒன்று ஒலிபெருக்கியில் ஒலிக்கின்றது. இவ்வளவில் ஆண்டுள்ள சைவம் முற்றுப்பெறுகின்றது. அதன்பின் நண்பகல் வரை நிகழ்வன யாவை? எழுதுகோலைப் பற்றுதற்கும் வலியில்லா விரல்கள் ஆங்கில நெடுங்கணக்கை ஏட்டிற் பக்கம் பக்கமாக நிரப்புகின்றன. பனி பெய்யும் நாட்டுக் குழந்தைகளின் பாட்டை, வெயிலிற் பிறந்த குழந்தையின் நா பொருளறியாது ஒப்பிக்கின்றது. வீட்டுப்பாடம் என ஒன்று பையினுள் வைத்து அனுப்பப்படுகின்றது. மகவைச் சேர்ப்பதற்கு முன்னர் அதனையும் ஈன்றாரையும் எதிரே இருத்தி வினாவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளிகளும் உள.

இவற்றைச் சைவப் பள்ளிகள் என்றல் பொருந்துமோ எனின், பொருந்தாது. நெற்றியில் இட்ட நீறு வியர்வையில் அழியுமுன்னரே அழிந்துபோகும் சமயக்கல்வியைச் சமயக்கல்வி என்பது சொல்லளவே. சமயமே வேண்டாவென்று வெளிப்படக் கூறுவோர் நடத்தும் பள்ளியால் விளையும் கேடு சிறிது. அவர் கருத்து அறிந்து பெற்றோர் விலகலாம், அல்லது இல்லத்தில் ஈடுசெய்யலாம். திருவைந்தெழுத்தை வாயிலில் எழுதி வைத்து உள்ளே வேறொன்றை நடத்துவோரால் விளையும் கேடு பெரிது. பிள்ளைக்குச் சைவம் கிடைத்துவிட்டது என்னும் பொய்யான அமைதியை அது பெற்றோர்க்குக் கொடுத்துவிடுகின்றது. இல்லத்தில் நிகழ்ந்துவந்த சிறு வழிபாடும் அவ்வமைதியில் உறங்கிப்போகின்றது.

இக்காலத்தார் இப்பள்ளிகளை 'நர்சரி' என்று வழங்குகின்றனர். கோயம்புத்தூரில் அச்சொல்லைப் பலகையில் எழுதியிருப்போர் இருவகையர். ஒருவகையார் தென்னங்கன்றும் பூஞ்செடியும் விற்போர், மற்றொரு வகையார் பாலர் பள்ளி நடத்துவோர். அச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் நாற்றங்கால் என்பது. செடி விற்பார் அச்சொல்லின் பொருளறிந்து நடக்கின்றனர். கன்று வேர்பிடிக்குமுன் எவரும் அதனைப் பிடுங்கி, எத்துணை நீளம் வளர்ந்தது என அளந்து பார்ப்பதில்லை. நாற்றங்காலினின்று கதிர் அறுக்கலாம் என எதிர்பார்ப்பதும் இல்லை. பள்ளி நடத்துவாரோ வாரந்தோறும் பிடுங்கி அளக்கின்றனர்.

நாற்று என்றவுடன் பேரூர் நினைவுக்கு வராத கொங்குநாட்டுச் சைவர் இலர். நொய்யற்கரையில் எழுந்தருளியுள்ள பட்டீசுவரர் திருக்கோயிலில் ஆனித் திங்களில் நாற்று நடவுத் திருவிழா நிகழ்கின்றது. இறைவனும் இறைவியும் வயலில் நாற்று நடும் உழவுத் தொழிலாளர் கோலம் பூண்ட திருவிளையாடலை அது நினைவூட்டுவது. தம்மைத் தேடிவந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு அப்பெருமான் அகப்பட்டது சேற்றிடையே என்பது அத்தலத்து வரலாறு. அத்தலத்துப் பெருமான் திருப்பெயரே ஓர் இளங்கன்றினால் வந்தது. காமதேனுவின் கன்றாகிய பட்டி துள்ளி விளையாடுங்கால் புற்றை மிதித்தது, அதன் குளம்பு பெருமான் திருமேனியிற் பதிந்தது. தாய்ப்பசு நடுங்கிற்று. பெருமானோ அக்குளம்புச் சுவட்டை அம்மை தழுவிய தழும்போடு ஒப்ப வைத்து ஏற்றுக்கொண்டருளினார் என்று தலபுராணம் கூறும். கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணம் பாடிய நாள் முதலாகக் கற்றோரும், அதற்கு முன்னும் பின்னும் கல்லாதோரும் அறிந்த செய்தி இது. கன்று விளையாடியது. விளையாட்டிற் பிழை நேர்ந்தது. அப்பிழை தண்டனைக்கு ஆளாகாமல் அணியாயிற்று. இத்தலத்தின் நிழலில், ஐந்தாண்டு நிரம்பாத பிள்ளை கோட்டுக்கு வெளியே எழுதிற்று என்று சிவப்பு மையாற் சுழிக்கும் பள்ளிகள் பட்டீசுவரர் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது வியப்பேயாம்.

இனி, இவர் தம் செயலுக்கு ஆதாரமாக எடுத்தோதும் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

"திருஞானசம்பந்த சுவாமிகள் மூன்றாமாண்டிலே பதிகம் பாடியருளினார் அல்லரோ? ஆகலின் மூன்றாமாண்டு கல்விக்கு உரிய பருவமே, சைவர் அதனை மறுத்தல் அடாது" என்று மேடையிற் பேசுவார் உளர். பெரியபுராணத்தை ஒருமுறையேனும் ஊன்றி நோக்கியிருப்பின் இவ்வாறு கூறத் துணியார். சீகாழித் திருக்குளத்தின் கரையில் நிகழ்ந்தது யாது? பிள்ளையார் முதலில் அழுதருளினார். அழுத பின்னர் அம்மை வந்தருளினாள். வந்தவள் கொடுத்தது ஏடும் எழுத்தாணியும் அன்று, பொற்கிண்ணத்திற் பால். அப்பாலே ஞானமாயிற்று. வேட்கை மகவினிடத்தே பிறந்தது, ஊட்டல் அதன் பின்னே வந்தது. கல்விமுறை முழுதும் இவ்வரிசையில் அடங்கிக் கிடக்கின்றது. பாலை யார் தந்தார் எனச் சிறுகோல் ஓங்கி அதட்டியவர் தந்தையாராகிய சிவபாத இருதயர். அவர் செயல் அன்பினாலும் ஒழுக்க அச்சத்தினாலும் நிகழ்ந்தது. எனினும் அக்கோலுக்கு அஞ்சிப் பதிகம் பிறக்கவில்லை. உண்ட பாலினாற் பிறந்தது. இக்காலத்து உபாத்தியாயர் பாலை விடுத்துக் கோலை மட்டும் எடுத்துக்கொண்டனர். அன்றியும் சம்பந்தப் பெருமான் முன்னைத் தவப்பயனால் திருவருள் நிறைவு பெற்றுத் தோன்றியவர். அவரை ஏனைய மகார்க்கு அளவுகோலாக நாட்டுதல், பக்குவம் பலவகைப்படும் என்னும் சித்தாந்தத்தின் அடிப்படையையே மறத்தலாகும்.

மெய்கண்டதேவ நாயனாரை எடுத்துக்காட்டுவாரும் உளர். பாலப்பருவத்தே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்றவர் அவர் என்பது உண்மையே. ஆயின் அவர் வரலாற்றினின்று கொள்ளத்தக்க பாடம் வேறு. அவர் குலத்துக்கு ஆசிரியராய் விளங்கிய சகலாகம பண்டிதர், குழந்தை உபதேசிப்பதா என்னும் செருக்கோடு சென்று, ஆணவமலத்தின் இயல்பு யாதென வினவினார். குழந்தையாசிரியர் அவரையே உற்று நோக்கி வாளாவிருந்தார். நின்ற நிலையே விடையாயிற்று. செருக்கு நீங்கி அருணந்தி சிவாசாரியரானார். இங்கே மூத்தவர் இளையவர் முன் கற்றார், இளையவர்க்குப் பாடஞ்சொல்லித் திணிக்கவில்லை. இவ்வரலாற்றை மேற்கோள் காட்டுவோர் மகவின் முன் தாம் கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்றன்றோ முதலில் வினவிக்கொள்ளல் வேண்டும்?

சித்தாந்த நூல்கள் உயிரின் அறிவு விளங்கும் முறையைத் தெளிவுறக் கூறுகின்றன. ஆணவத்தால் மறைப்புண்டு கிடக்கும் உயிர்க்கு அசுத்த மாயையினின்று தோன்றும் தத்துவங்கள் துணையாய் நிற்கின்றன. அவற்றுட் கலை என்னும் தத்துவம் உயிரின் கிரியாசத்தியை எழுப்புவது, வித்தை அறிவை விளக்குவது, அராகம் இச்சையை எழுப்புவது. கலையினின்று வித்தையும், வித்தையினின்று அராகமும் முறையே தோன்றும் என்பது சைவர் துணிபு. எனவே உயிரினிடத்து முதலில் எழுப்பப்படுவது செயலாற்றல், அதன்மேலதே அறிவு விளக்கம். இவ்வரிசை ஓர் உயிரின் ஒரு பிறவிக்குரிய வயதுக் கணக்காகச் சொல்லப்பட்டதன்று என்பார் கூற்று ஒக்கும். ஆயினும் மூன்றாண்டு மகவை அருகிருந்து நோக்கிய தாய் எவளும் இவ்வரிசையை அங்கே காண்பாள். அது பிடிக்கும், ஊற்றும், கவிழ்க்கும், துடைப்பத்தை இழுத்துச் செல்லும், அம்மி அரைப்பது போல் நடிக்கும். கை செய்த பின்னரே அதன் கண் 'இது யாது' என வினவும். செயலைத் தடுத்து அறிவை முன்னிறுத்தும் பள்ளி தத்துவ முறையைத் தலைகீழாக்குகின்றது.

சைவ நெறியில் முதற்படி சரியை. திருக்கோயிலை அலகிடல், மெழுகுதல், பூக்கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடல் முதலியன அதன்பாற்பட்டன. கிரியை, யோகம், ஞானம் என்பன அதன்மேல் எழுவன. நான்கையும் முறைமாற்றி ஞானத்தினின்று தொடங்கச் சைவாசாரியர் எவரும் கூறிற்றிலர். மூன்று முதல் ஐந்தாண்டு வரையுள்ள மகார்க்கு ஏற்ற கல்வி இச்சரியையன்றி வேறு யாது? சிறுகூடையில் உதிர்ந்த பூவைப் பொறுக்கல், கையளவு இடத்தைப் பெருக்கல், கோலப்பொடியை விரலாற் சிந்துதல், விளக்குக்குத் திரி திரித்தல், கன்றுக்குப் புல் நீட்டல், விதையிட்டு நீர் தெளித்தல் ஆகிய இவை அனைத்தும் விளையாட்டுமாம், வழிபாடுமாம், விரல்களுக்குப் பயிற்சியுமாம். இவ்விரல்களே பின்னர் எழுத்தாணி பிடிப்பன. திருநாவுக்கரசு சுவாமிகளின் உழவாரத் திருத்தொண்டைப் படத்திற் காட்டி, "கையில் என்ன வைத்திருக்கிறார்?" என வினவி விடை பெறுவதினும், சிறுமண்வெட்டி ஒன்றைக் கையிற் கொடுத்துப் பள்ளி முற்றத்துப் புல்லைச் செதுக்க விடுதல் எத்துணையோ மேலாம்.

இஃது ஏதோ பழமை பேசுவார் கூற்று என இகழ்தற்கு இடமில்லை. மேனாட்டாரே இவ்வழியை வருந்தித் தேடிக் கண்டனர். இத்தாலி நாட்டு மருத்துவ அம்மையார் மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டு ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதற் குழந்தையர் இல்லத்தைத் திறந்தார். ஆண்டுப் பிள்ளைகள் பெருக்கினர், கழுவினர், நீர் வார்த்தனர், பூச்செடி பேணினர். எழுத்தைக் கண்ணாற் காணுமுன் விரலாற் தடவியறிந்தனர். பின்னர் எவரும் ஏவாமலே எழுதத் தொடங்கினர். மணலில் விரல் வைத்து எழுதுவித்த திண்ணைப் பள்ளி நாட்டார்க்கு இது புதுமையோ? அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியரைப் பயிற்றினார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்னும் காரணத்தால் அரசினரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுக் கோடைக்கானலிலும் சிலகாலம் தங்கினார். 1946இல் ஐரோப்பாவுக்கு மீண்டார். கொங்குநாட்டுக்கு அணித்தாய மலையில் தங்கிச் சென்றவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வார் பலர், அவர் முறையைக் கைக்கொள்வார் சிலர்.

அவர் கத்தோலிக்க கிறித்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பார்சிலோனா நகரில் தம் சமயத்தைச் சிறுமகார்க்கு உணர்த்த முயன்றபொழுது அவர் வினாவிடையை மனப்பாடம் செய்விக்கவில்லை. வழிபாட்டுக்குரிய அப்பத்துக்கும் இரசத்துக்கும் வேண்டிய கோதுமையையும் திராட்சையையும் பிள்ளைகளே பயிரிடும்படி செய்தார். சைவர் இதனைக் கேட்டு நாணுதல் வேண்டும். நாற்று நடவையே திருவிழாவாகக் கொண்ட ஊரில், திருவமுதுக்கு வேண்டிய ஒரு பிடி நெல்லைப் பாத்தியில் விளைக்கும் பாலர் பள்ளி எங்கே உளது?

"மேனாட்டு முறையைக் கைக்கொள்ளுதல் குற்றமாயின், ஆறுமுக நாவலர் பாதிரிமார் பள்ளி முறையைப் பின்பற்றியது யாங்ஙனம்?" என்பது மற்றொரு தடை. இது விடை கூறத்தக்க தடையே. நாவலர் வெசுலியன் பாதிரிமார் பள்ளியிற் பயின்றவர், பேர்சிவற் பாதிரியாருடன் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். வகுப்பு, கால அட்டவணை, அச்சுப்புத்தகம் என்னும் புறவமைப்பைப் பாதிரிமாரிடமிருந்தே கொண்டார். அதனை மறைத்தலால் நாவலர்க்குப் பெருமை மிகாது. ஆயின் அவர் அப்புறவமைப்பினுள் இட்டது யாது? தாமே பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார், சைவ வினாவிடை இயற்றினார், அவற்றை அச்சிட அச்சுக்கூடம் நிறுவினார். கொங்குநாட்டில் இன்று பாலர் பள்ளி நடத்தும் சைவர் புறத்தையும் பிறரிடம் வாங்கினர், அகத்தையும் பிறரிடம் வாங்கினர். தம்முடையதாக இட்டது திருநீற்றுக் கீற்று ஒன்றே. நான்காண்டு மகவுக்கு உரிய சைவப் பாட்டோ, கதையோ, ஆடலோ இவர் புதிதாய் ஆக்கியது உண்டோ? அச்சுக்கூடம் நிறுவ வேண்டிய துன்பமும் இக்காலத்தில் இல்லை. எழுதுவார் இன்மையே குறை.

ஆக்குவதற்குக் கருவி இந்நாட்டில் இல்லையோ எனின், நிரம்ப உண்டு. வள்ளி கும்மி என்பது கொங்குநாட்டுக்கே உரிய கூத்து. வள்ளிநாயகியார் திருமணக் கதையைப் பாடிக் கைகொட்டி அடிபெயர்த்து ஆடும் அதனைத் தாய்மாரும் மகளிரும் சிறுமகாரும் ஒரே வட்டத்தில் நின்று பயில்கின்றனர். அக்கலையை வாழ்நாளெல்லாம் பயிற்றிவந்த கோயம்புத்தூர் மாவட்டத்துப் பத்திரப்பன் என்னும் முதியவர்க்கு 2024இல் நடுவணரசு பதுமசிறீ விருது அளித்தது. நான்காண்டுச் சிறுமி ஒருத்தி தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு அவ்வட்டத்தில் நுழைந்து, முதல் நாள் அடி தவறியும், பத்தாம் நாள் தவறாதும் ஆடுகின்றாள். பாட்டின் சொல், தாளம், முருகப்பெருமான் கதை, அண்டை வீட்டாரோடு ஒத்து நிற்றல் யாவும் ஒருங்கே அவளிடம் சேர்கின்றன. தேர்வு வைத்தார் இலர். அவளே மறுநாட்காலை பாலர் பள்ளியில் வரிசையாக அமர்த்தப்பட்டு, அசையாதிருத்தலே ஒழுக்கம் எனக் கற்பிக்கப்படுகின்றாள்.

இப்பள்ளிகளின் ஆண்டுவிழா வேறொரு வகையான கேடு. பால் மணம் மாறாத பிள்ளைக்குப் பட்டு உடுத்திப் பொற்றாளம் கொடுத்துச் சம்பந்தர் என மேடையில் ஏற்றுகின்றனர். மூவரை நடுவராக அமர்த்தித் தேவாரம் ஒப்பிக்கச் செய்து முதற்பரிசு, இரண்டாம் பரிசு என வழங்குகின்றனர். பரிசு பெறாத பிள்ளை திரைக்குப் பின்னே அழுகின்றது, பெற்ற பிள்ளை 'நான் முதல்வன்' என்கின்றது. உயிரைப் பற்றிய முதல் நோய் ஆணவம் என்று உலகுக்கு உரைத்த சமயத்தார், அந்நோய்க்குத் திருமுறையையே எருவாக இடுதல் எத்துணைக் கொடுமை! திருமுறையை நாள்தோறும் காலையில் ஆசிரியர் தாம் அன்போடு ஓதட்டும். கேட்டவை சில நாளில் மகவின் வாயிலிருந்து தாமே வரும். கேளாதிருப்பினும் குற்றமில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலையான கொள்கை. ஓதுவாரைச் சார்ந்த மகவு ஓதும், பரிசைச் சார்ந்த மகவு பரிசையே நாடும்.

இம்மட்டில், சமயமே சிறுவர்க்கு ஆகாது என்பாரையும் நோக்குதல் வேண்டும். "பகுத்தறியும் பருவம் வருமுன் ஒரு சமயத்தை ஊட்டுதல் அம்மகவின் உரிமையைப் பறித்தலாகும், வளர்ந்தபின் தானே தேர்ந்துகொள்ளட்டும்" என்பது இவர் வாதம். தாய்மொழியையும் அவ்வாறே வளர்ந்தபின் தேர்ந்துகொள்ளுமாறு விட்டுவைத்தார் உளரோ? ஒன்றையும் சாராது தனித்து நிற்றல் உயிர்க்கு இயலாது. கோயிலைச் சாராவிடின் கடைத்தெருவைச் சாரும், கைப்பேசித் திரையைச் சாரும். எனினும் இவர் கூற்றில் ஒரு பகுதி கொள்ளத்தக்கது. நரகப் படங்களைக் காட்டி அச்சுறுத்தலும், பிற சமயத்தாரை இகழ்ந்து பேசப் பழக்குதலும் மகவின் உள்ளத்தை நஞ்சாக்குவன. அவை சைவமுமல்ல. பிற சமயத்து மகார் சைவர் பள்ளியிற் சேருங்கால் அவரை வழிபாட்டில் வலிந்து நிறுத்துதல் அறமன்று. அரசின் ஒப்புதலோ பொருளுதவியோ பெற்ற கல்விச்சாலையில் பெற்றோர் இசைவின்றி அது செய்யலாகாது என்று இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பும் விலக்குகின்றது. ஈண்டு ஒன்று கூறல் தகும். சமயப் பற்றுள்ளோரே இளம்பருவக் கல்வியைக் கெடுப்பர் என எண்ணற்க. செருமானிய நாட்டில் 1840இல் குழந்தைத் தோட்டம் என்னும் பெயரை இட்ட பிரோபெல் இறைநம்பிக்கை மிக்கவர். அவர் பள்ளிகளை நாத்திகம் பரப்புவன என்று பழித்துப் பிரசிய அரசு 1851இல் தடுத்தது. அவர் மறுவாண்டு மறைந்தார். தடை நீங்கியது 1860இல். கல்வியறியாத அதிகாரத்தார் எப்பக்கத்தும் உளர்.

மொழியைப் பற்றியும் சில கூறல் வேண்டும். கோயம்புத்தூர் மாவட்டத்தில் இல்லத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர். அம்மகார் தெருவிலும் கோயிலிலும் தமிழ் கேட்டு இரண்டையும் இடரின்றி அடைகின்றனர். செவி நிரம்பக் கேட்டலால் அடைகின்றனர், ஏட்டில் எழுதலால் அன்று. இவ்விரண்டும் வேரூன்றுமுன் மூன்றாவதொன்றை எழுத்தின் வழியே புகுத்துவதால், வாய் திறந்து பேச வேண்டிய பருவத்தில் பிள்ளை ஊமையாகின்றது. ஆங்கிலம் பிற்காலத்தில் வேண்டற்பாலதே. அதனை வெறுத்தல் இவ்வுரையின் கருத்தன்று. 'ஏனுங்' என்று பாட்டியிடம் மறுமொழி கூறும் பிள்ளையை அச்சொல்லுக்காகத் தண்டிக்கும் மடமையே ஈண்டுக் கண்டிக்கப்படுகின்றது.

எல்லாவற்றினும் பெரிய குற்றம் ஒன்று உளது. இப்பள்ளிகள் யார்க்கு உரியன? திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகளிலும் கோயம்புத்தூர் ஆலைகளிலும் தாயும் தந்தையும் ஒருங்கே உழைக்கும் இல்லங்கள் மிகப் பல. அவர் மகார்க்கன்றோ பகற்பொழுதிற் காப்பிடம் வேண்டும்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மகளிர் மிகுதியாகப் பணிபுரியும் ஆலைகளில் ஆறாண்டுக்கு உட்பட்ட மகார்க்குக் குழந்தைக் காப்பறை அமைக்கப் பணித்தது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் எழுந்தன. 1982 சூலை முதல் தமிழ்நாட்டில் இரண்டாண்டு நிரம்பிய மகார்க்கே மதிய உணவு வழங்கப்பட்டது. 2019இல் 2381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புக்களும் தொடங்கப்பட்டன. அரசு இவ்வளவும் செய்தது. சைவ நிலையங்கள் செய்தன யாவை? சிவனடியாரை உண்பித்தலே பிறவிப்பயன் எனப் பெரியபுராணம் ஓதுவோர், கூலியாள் மகவுக்கு ஒருவேளைப் பால் தராது, ஈன்றோர் திங்கள் வருவாயினும் மிக்க தொகையைக் கட்டணமாக வாங்குகின்றனர். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் ஆறாண்டு நிரம்பிய மகவைத் தேர்வு வைத்துச் சேர்த்தலைக் குற்றமாக்கிற்று. மூன்றாண்டு மகவைத் தேர்வு வைத்துச் சேர்ப்பார், சட்டத்தின் இடுக்கு நோக்கித் தப்பினும், பட்டீசுவரர் திருமுன் யாது கூறுவர்? அப்பெருமான் பூண்டது சேற்றில் நிற்கும் உழைப்பாளி கோலம். அவ்வுழைப்பாளியின் மகவு அவர் பெயர் தாங்கிய பள்ளியின் வாயிலிற் புக இயலாது. மகாரைப் பாதிரிமார் பள்ளி ஈர்க்கின்றது என முறையிடும் சைவர், அப்பள்ளிகள் பல ஏழையர்க்கும் கதவு திறந்தன என்பதனை மறவாதிருத்தல் நன்று.

அவிநாசி என வழங்கும் திருப்புக்கொளியூரில் ஐந்தாண்டுச் சிறுவர் இருவர் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை உண்டது. எஞ்சியவன் வீட்டில் சில ஆண்டு கழித்து முந்நூற் சடங்கின் மங்கல ஒலி எழுந்தபொழுது, இழந்த வீட்டில் அழுகுரல் எழுந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இரண்டு ஒலியையும் கேட்டு, அழுகுரல் எழுந்த வீட்டார்பொருட்டே பதிகம் பாடி, கழிந்த ஆண்டின் வளர்ச்சியோடு மகனை மீட்டளித்தார். கொங்குநாட்டுத் தலத்தின் இவ்வரலாற்றைச் சுவரில் எழுதியுள்ள பள்ளி நிருவாகிகள், தம் வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்பிய மகாரின் வீடுகளில் எழும் ஒலியைக் கேட்கின்றனரா?

செய்யத்தக்கது அரிதன்று. பேரூரில் சாந்தலிங்கர் திருமடம் உளது. அதன் சார்பில் 1953இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரியும் உளது. சரவணம்பட்டிப் பக்கத்தே சிரவை ஆதீனம் உளது. திருமுறை ஓதவல்லாரும் கும்மி ஆடவல்லாரும் கதை சொல்லவல்ல பாட்டிமாரும் ஊர்தோறும் உளர். இவரை ஒருங்கு கூட்டி, பாலர் பள்ளி ஆசிரியைமார்க்கு ஓராண்டுப் பயிற்சி அளிக்கத் திருமடங்கள் முன்வருதல் வேண்டும். ஐந்தாண்டு நிரம்பும் வரை ஏட்டில் எழுதுவித்தலும் தேர்வும் பரிசும் சைவப் பெயர் தாங்கிய பள்ளிகளில் நீக்கப்படுதல் வேண்டும். பழைய மரபும் எழுத்தறிவித்தலை ஐந்தாமாண்டில் வைத்தது. மலையாள நாட்டு வழக்கையொட்டி மூன்றாமாண்டில் விஜயதசமியன்று சித்தாபுதூர் ஐயப்பன் கோயிலில் எழுதுவிப்பாரும் மகவை மடியிருத்தி, அதன் விரலைத் தம் கையாற் பற்றி எழுதுவிக்கின்றனர். அது ஒரு நாட் சடங்கு, மறுநாள் வீட்டுப்பாடம் இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் கால்பங்கு இடமேனும் ஆலைத் தொழிலாளர் மகார்க்குக் கட்டணமின்றியும், அவர் பணிநேரத்துக்கு ஏற்ப மாலை வரையும் அமைதல் வேண்டும். பொருளுக்கு யாது செய்வது என்பார், ஆண்டுவிழாப் பந்தலுக்கும் பட்டாடைக்கும் செல்லும் தொகையை முதலில் எடுத்துவைக்கட்டும்.

பள்ளிகள் திறக்கும் காலமும் பேரூரில் நாற்று நடவு நிகழும் ஆனித் திங்களும் அண்மையாகவே வருகின்றன. அவ்விழாவுக்குத் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, சேற்றிற் கால் வைக்க விட்டு, கையில் ஆளுக்கொரு நாற்றைக் கொடுக்கும் சைவப் பாலர் பள்ளிகள் எத்துணை என்று எண்ணிப் பார்ப்பதற்கு நிருவாகிகளுக்கு ஒரு கை விரல்களே போதுமா, அவையும் மிகையா என்பதனை அடுத்த ஆனியில் அவர்களே கூறட்டும்.